நடு ஆடும்போதே இறக்குங்கள்: பேரிக்காய் கஸ்டர்ட் கேள்வி – பதில்

அடுப்படிப் பகுதிக்கு இந்த மாதம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: பேரிக்காய் போட்டு ஓவனில் வைக்கும் கஸ்டர்ட். பழம் நன்றாக வரத்து இருக்கும் நேரம் இது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: பேரிக்காய் கஸ்டர்டுக்குச் சரியான அளவு வேண்டும். ஒருவர் இரண்டு முட்டை என்கிறார், இன்னொருவர் ஆறு என்கிறார். கப் கணக்கு வேண்டாம், கிராமில் சொல்லுங்கள். வீட்டில் ஐந்து பேர்.
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏனென்றால் கஸ்டர்டில் இரண்டு வகை உண்டு. பால், முட்டை, சர்க்கரை மட்டும் சேர்ப்பது ஒன்று. அதோடு கொஞ்சம் மைதாவும் சேர்ப்பது இன்னொன்று. மைதா சேர்த்தது சூடு கொஞ்சம் கூடிப்போனாலும் தாங்கும், சட்டென்று திரியாது. பழத்திலிருந்து கசியும் தண்ணீரையும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். முதல் தடவை செய்கிறவர்கள் இதில் தொடங்குவதே நல்லது.

ஐந்து பேருக்கு, 20 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் போதும். பேரிக்காய் நடுத்தர அளவில் 3, அதாவது தோலும் நடுத்தண்டும் எடுத்த பிறகு 350 முதல் 400 கிராம். முட்டை 3. பால் 300 மில்லி. சர்க்கரை 75 கிராம், பழம் வதக்கத் தனியாக ஒரு மேசைக்கரண்டி. மைதா 50 கிராம். வெண்ணெய் 25 கிராம்: பழம் வதக்க 10, உருக்கிக் கலவையில் ஊற்ற 10, பாத்திரத்தில் தடவ 5. உப்பு ஒரு சிட்டிகை. வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, அல்லது நான்கு ஏலக்காயின் பொடி. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம், ஒன்றை ஒன்று அமுக்கிவிடும்.

பால் ஆவின் பச்சை பாக்கெட்டாக இருந்தால் நல்லது; அதில் 4.5 சதவீதம் கொழுப்பு. ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம், கஸ்டர்ட் இன்னும் வழவழப்பாக வரும். நீலத்தில் 3 சதவீதம்தான். அது மட்டுமே கிடைத்தால் 50 மில்லி பாலைக் குறைத்து அதே அளவு பாலாடை சேருங்கள். வீட்டு மாட்டுப் பால் என்றால் காய்ச்சி ஆறவைத்து, ஏடோடு சேர்த்தே அளந்துகொள்ளுங்கள்.

முதலில் பழம். தோல் சீவி நான்காகப் பிளந்து, நடுவில் உள்ள விதை அறையையும் அதைச் சுற்றி மணல் மாதிரி நறநறக்கும் பகுதியையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியை அரை விரல் கனத்துக்குத் துண்டு போடுங்கள். வாணலியில் வெண்ணெய் உருகியதும் துண்டுகளையும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையையும் போட்டு மிதமான தீயில் 5, 6 நிமிடம் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும், அப்புறம் அந்தத் தண்ணீர் சுண்டி, துண்டுகளின் மேல் பளபளவென்று ஒட்டும். அதுதான் பதம். தட்டில் கொட்டி ஆறவிடுங்கள்.

இப்போது கலவை. மைதா, சர்க்கரை, உப்பு மூன்றையும் கலந்து, நடுவில் குழி செய்து முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றிக் கம்பி மத்தால் கலக்குங்கள். பாலை முதலிலேயே மொத்தமாக ஊற்றினால் மாவு கட்டி கட்டியாக மிதக்கும். முட்டையோடு பசைபோல் ஆன பிறகு, விரல் பொறுக்கும் சூட்டில் உள்ள பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். உருக்கிய வெண்ணெய், எசன்ஸ் கடைசியில். கலக்க வேண்டுமே தவிர நுரைக்க அடிக்கக் கூடாது. நுரை அடித்தால் ஓவனில் உப்பி எழும், வெளியே எடுத்ததும் பள்ளம் விழும். கலவையை வடிகட்டி, அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். நுரை அடங்கும், மாவும் ஊறும்.

ஓவனை 175 டிகிரிக்கு 15 நிமிடம் சூடாக்குங்கள். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் கலவையை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றி 6 நிமிடம் உள்ளே வைத்தால் லேசாக இறுகும். அதன்மேல் பழத்தை அடுக்கி மீதியை ஊற்றுங்கள். இப்படிச் செய்தால் பழம் அடியில் போய் ஒட்டாது. நடுத்தட்டில் 35 முதல் 40 நிமிடம். ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு இறுகிப் பொன்னிறமாகி, நடுவில் ஒரு டம்ளர் வாயகலம் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்போது வெளியே எடுங்கள். முக்கால் மணி நேரம் ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும்.

கேள்வி: கடையில் வாங்கிய பேரிக்காய் கல் மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் வைத்தும் பழுக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஏமாறவில்லை. உங்களிடம் இருப்பது நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலிருந்து வரும் நாட்டுப் பேரிக்காயாக இருக்கும். அதன் சதை இயல்பிலேயே கெட்டி, நறநறப்பு அதிகம். எத்தனை நாள் வைத்தாலும் வெண்ணெய் மாதிரி குழையாது. ஒரு கட்டத்துக்குமேல் உள்ளே பழுப்பாகி மாவுத்தன்மை வந்துவிடும். காத்திருக்க வேண்டாம். தோல் சீவித் துண்டாக்கி, அரை லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துச் சிறு தீயில் வேகவிடுங்கள். 15 முதல் 25 நிமிடம் பிடிக்கும். கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. வடிதட்டில் அரை மணி நேரம் வடித்து, துணியில் ஒற்றிவிட்டுக் கஸ்டர்டில் போடுங்கள். வதக்கத் தேவையில்லை. ஓவன் சூட்டில் அதுவாக வெந்துவிடும் என்று பச்சையாகப் போட்டால் கஸ்டர்ட் வெந்துவிடும், பழம் மட்டும் நறுக்கென்று நிற்கும்.

வெளியூரிலிருந்து வரும் நீள்கழுத்துப் பச்சைப் பேரிக்காய் வேறு ரகம். அது மரத்தில் பழுப்பதில்லை, பறித்து வைத்த பிறகே பழுக்கும். உள்ளிருந்து வெளியே பழுக்கும் பழம் என்பதால் வயிற்றுப் பகுதியை அமுக்கிப் பார்த்தால் தெரியாது. காம்புக்குப் பக்கத்தில் கழுத்தைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்குங்கள். லேசாக இடம் கொடுத்தால் கஸ்டர்டுக்குச் சரியான பதம். வயிறும் மெத்தென்று ஆகிவிட்டால் உள்ளே நடுப்பகுதி குழைந்திருக்கும். அப்படியே சாப்பிடுங்கள், ஓவனுக்கு வேண்டாம். சீக்கிரம் பழுக்க, காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு மற்றப் பழத்தையும் பழுக்க வைக்கும். தருமபுரி வெயிலில் இரண்டு மூன்று நாளில் ஆகிவிடுவது, தளி, ஓசூர்க் குளிரில் அதற்கும் மேலே இரண்டு நாள் இழுக்கும். தினமும் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் சொன்ன அளவில்தான் போட்டேன். மேலே அழகாகச் சிவந்தது. வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, முட்டை வாடை வேறு. மூன்று தடவையும் இப்படித்தான். என்ன தவறு செய்கிறேன்?
– வாசகி, தருமபுரி

பதில்: மூன்றும் மூன்று குறைகள் இல்லை. பெரும்பாலும் ஒரே குறைதான்: அதிக நேரம், அதிகச் சூடு.

முட்டையில் உள்ள புரதம் சூட்டில் பிரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை மாதிரி ஆகிறது. அந்த வலையின் கண்களுக்குள் பால் அடைபட்டு நிற்பதுதான் கஸ்டர்ட். தனி முட்டை 65, 70 டிகிரியிலேயே இறுகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் அது 80 டிகிரி சுற்றுக்குத் தள்ளிப்போகும். 85 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து சூடு ஏறினால் வலை இறுகி, பிழிந்த துணி மாதிரி உள்ளே இருந்த தண்ணீரை வெளியே தள்ளும். அடியில் நின்றது அந்தத் தண்ணீர். ஓட்டைகள், உள்ளே நீர் ஆவியாகிக் குமிழ் விட்ட இடங்கள். வாடையும் அதே சூட்டின் வேலைதான். வெள்ளைக் கருவில் உள்ள கந்தகம் அதிகச் சூட்டில்தான் வெளிவரும். முட்டையை அதிக நேரம் அவித்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்து வாடை அடிக்கிறதே, அதேதான் இது.

நம் வீடுகளில் சீம்பால் அவிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தெலுங்கில் ஜுன்னு, கன்னடத்தில் கின்னு என்று சொல்லும் அதே பண்டம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க விட்டு அவித்தால் சீம்பாலிலும் ஓட்டை விழும், தண்ணீர் பிரியும். சிறு தீயில் அவித்தால் கத்தி வைத்த இடத்தில் கண்ணாடி மாதிரி வெட்டுப்படும். கஸ்டர்டிலும் நீங்கள் தேட வேண்டியது அந்த வெட்டு.

நீங்கள் செய்ய வேண்டியது, 30ஆவது நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குவது. கதவைத் திறந்து, துணியால் பாத்திரத்தின் ஓரத்தைப் பிடித்து ஒரு அசை அசையுங்கள். மொத்தமும் அலையடித்தால் வேகவில்லை. ஓரம் அசையாமல் நடு மட்டும், உறைந்த தயிர்ச் சட்டியைத் தட்டினால் ஆடுமே, அப்படி ஆடினால் எடுத்துவிடுங்கள். எதுவுமே ஆடவில்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. பாத்திரத்தில் உள்ள சூடு வெளியே எடுத்த பிறகும் 10 நிமிடம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நடுப்பகுதி அதில் இறுகிவிடும். நடுவில் கத்தி குத்தி, சுத்தமாக வந்தால்தான் வெந்தது என்று பார்ப்பது கேக்குக்கான சோதனை. கஸ்டர்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் குத்திப் பாருங்கள், அங்கே சுத்தமாக வந்தால் போதும். மேலே நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்ததுதான் உங்கள் மூன்று தடவையையும் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறோம். நிறம் வேண்டுமானால், எடுப்பதற்கு 10 நிமிடம் முன் மேலே ஒரு தேக்கரண்டி சர்க்கரை தூவுங்கள்.

தண்ணீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பேரிக்காயில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வதக்காமல் பச்சையாகப் போட்டிருந்தால் அதில் ஒரு பங்கு கஸ்டர்டுக்குள் இறங்கிவிடும். எது காரணம் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது: தண்ணீர் பழத்தைச் சுற்றி மட்டும் நின்றால் பழத்தின் தண்ணீர். பழமே இல்லாத இடத்திலும் அடியில் நின்று, கூடவே ஓட்டையும் இருந்தால் சூட்டின் வேலை. முட்டை வாடைக்கு, வடிகட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெள்ளைக் கருவில் நூல் சுருள் மாதிரி இருப்பது வடிகட்டியில் நின்றுவிடும். அது கஸ்டர்டில் போனால் தனியாக வெந்து, வாயில் தட்டுப்படும்.

கேள்வி: எங்கள் ஓ.டி.ஜி.யில் (மேசையில் வைக்கும் மின்சார ஓவன்) மேலே கருகுகிறது, நடுவில் கூழாக இருக்கிறது. 175 டிகிரிதான் வைத்தேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: முள் 175 காட்டுவதும் உள்ளே 175 இருப்பதும் ஒன்றல்ல. சிறிய ஓ.டி.ஜி.களில் 20 டிகிரி முன்பின் இருப்பது சாதாரணம். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பல வருடக் குழப்பம் தீரும். வாங்கும்வரை சர்க்கரைச் சோதனை செய்யுங்கள். சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை அலுமினியத் தாளில் வைத்து, 175 டிகிரிக்குச் சூடான ஓவனில் 15 நிமிடம் விடுங்கள். உருகினால் உங்கள் ஓவன் முள் காட்டுவதைவிடக் கூடுதலாகச் சுடுகிறது, 155இல் வையுங்கள். அடுத்து முள்ளை 195இல் வைத்துப் பாருங்கள். அப்போதும் உருகவில்லை என்றால் சூடு குறைவு.

கம்பி மேலும் கீழும் இரண்டும் எரியட்டும், ஆனால் பாத்திரத்தை மேல் கம்பிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கலவையின் மேல்பரப்பு ஓவனின் நட்ட நடுவில் வர வேண்டும். நிறம் வந்த பிறகும் நடு கூழாக இருந்தால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, சூட்டை 150க்குக் குறைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பாத்திரத்தையும் கவனியுங்கள். மெல்லிய அலுமினியமும் கறுப்புத் தகடும் சூட்டைச் சட்டென்று கடத்தும், ஓரம் முதலில் முறுகிவிடும். கண்ணாடியும் பீங்கானும் நிதானமாகக் கடத்தும். கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும்.

மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர்கள் சூடான காற்றில் வேகவைக்கும் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும் செய்யுங்கள், 160 டிகிரி. மைக்ரோவேவ் முறையில் வைத்தால் ஓரம் ரப்பராகும், நடு பாலாகவே இருக்கும்.

கேள்வி: மைதா வேண்டாம். மைதா இல்லாத கஸ்டர்ட் எப்படி?
– வாசகி, பர்கூர்

பதில்: பால் 500 மில்லி, முட்டை 4, சர்க்கரை 80 கிராம். பழம் 250 கிராமுக்கு மேல் வேண்டாம். மைதா இல்லாத கஸ்டர்ட் அவ்வளவு பழத்தைத் தாங்காது. பாத்திரத்தை, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் இறக்கி வைத்துப் பேக் செய்ய வேண்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் ஓரம் கருகாது. தட்டுக்குள், பாத்திரத்துக்கு அடியில் ஒரு மடிப்புத் துணி விரியுங்கள், கீழ்ச்சூடு நேரே தாக்காது. 155 டிகிரியில் 45 முதல் 55 நிமிடம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 78, 80 காட்டும்போது எடுத்து, தண்ணீரிலிருந்தும் உடனே வெளியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. இட்லிப் பானையில் முடியுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: தாராளமாக. வட்டிலப்பம் தேங்காய்ப் பாலிலும் வெல்லத்திலும் முட்டையிலும் ஆவியில் அவிப்பதுதானே. மைதா சேர்த்த அளவையே பாதியாக்கி, சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றுங்கள். பெரிய பாத்திரம் ஒன்றைவிடச் சிறு கிண்ணங்கள் சீராக வேகும். தண்ணீர் கொதித்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே கிண்ணங்களை வைக்க வேண்டும். மூடியின் உள்பக்கம் துணி கட்டுங்கள். கட்டாவிட்டால் ஆவி நீராகச் சொட்டி மேற்பரப்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகும். மூடியை ஒரு கரண்டிக் காம்பு வைத்துக் கொஞ்சம் திறந்தே விடுங்கள். 18 நிமிடத்தில் ஆட்டிப் பாருங்கள். மேலே நிறம் வராது. வேண்டுமானால் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் வாணலியில் தேன் நிறத்துக்கு உருக்கி, கலவை ஊற்றுவதற்கு முன் கிண்ணத்தின் அடியில் ஊற்றிவிட்டு, கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ளுங்கள்.

குக்கரில் செய்கிறவர்கள் விசில் போடக் கூடாது. அழுத்தத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும், கஸ்டர்டுக்கு அது ஆகவே ஆகாது.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் பாலக்கோடு பக்கத்து வெல்லம் போட ஆசை. போன தடவை பால் திரிந்துவிட்டது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: வெல்லத்தில் லேசான புளிப்புத்தன்மையும் உப்புகளும் இருக்கும். கொதிக்கும் பாலில் விழுந்தால் சில வெல்லம் திரித்துவிடும், சில வெல்லம் ஒன்றும் செய்யாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்: அரை டம்ளர் பாலில் சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டுக் கொதி வரவிடுங்கள். திரியவில்லை என்றால் அந்த வெல்லம் நம்பகமானது. திரிந்தால் அதைத் தேங்காய்ப் பாலில் மட்டும் பயன்படுத்துங்கள். நல்ல வெல்லமாக இருந்தாலும் 90 கிராம் வெல்லத்தை 3 மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, முழுக்க ஆறவைத்து, முட்டைக் கலவையில் சேருங்கள். அந்தத் தண்ணீர் கணக்குக்கு 40 மில்லி பாலைக் குறைத்துவிடுங்கள். வாசனைக்கு ஏலக்காயும் ஒரு துளி சுக்குப் பொடியும் போதும். வெல்லத்தோடு வெனிலா சேராது.

கேள்வி: நாட்டுக்கோழி முட்டை எத்தனை போட வேண்டும்?
– வாசகி, அரூர்

பதில்: நாமக்கல் பண்ணை முட்டை ஓடு நீக்கி ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். நாட்டுக்கோழி முட்டை பெரும்பாலும் 35 கிராம்தான். எனவே 3க்குப் பதில் 4. தராசு இருந்தால் 150 கிராம் வரும்வரை உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கரு பங்கு கூடுதல் என்பதால் கஸ்டர்ட் இன்னும் மெத்தென்றும் மஞ்சளாகவும் வரும்.

கேள்வி: முட்டையே சேர்க்காத வீடு எங்களுடையது. கஸ்டர்ட் பவுடரைக் கரைத்து ஓவனில் வைத்தேன், இறுகவே இல்லை.
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: கஸ்டர்ட் பவுடர் என்பது சோள மாவு, நிறம், வாசனை. 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் செய்ததுதான் அது. சோள மாவு கொதிநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் கெட்டியாகும், கலக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். ஓவனில் கரைசலாக வைத்தால் மாவு அடியில் போய்த் தங்கிவிடும். அதனால் அரை லிட்டர் பாலுக்கு 4 மேசைக்கரண்டி பவுடர், 70 கிராம் சர்க்கரை என்று அடுப்பிலேயே கிளறி, குமிழ் விட்ட பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, பேரிக்காய் மேல் ஊற்றி, மேல்பரப்பு சிவக்க மட்டும் 200 டிகிரியில் 12 நிமிடம் வையுங்கள்.

எங்களைக் கேட்டால், அதைவிட நல்லது தயிரில் செய்வது. புளிக்காத கெட்டித் தயிரைத் துணியில் 3 மணி நேரம் தொங்கவிட்டு 200 கிராம் எடுங்கள். அதோடு கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், ஆரஞ்சு பாக்கெட் பால் 100 மில்லி கலந்து, வதக்கிய பேரிக்காய் போட்ட சிறு கிண்ணங்களில் ஊற்றி, வெந்நீர்த் தட்டில் 160 டிகிரியில் 25 நிமிடம். தயிரின் புரதமே இறுகிக் கஸ்டர்ட் மாதிரி நிற்கும். வங்காளத்தில் பாபா தோய் என்று ஆவியில் வேகவைப்பது இதே வழிதான். ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் குளிர்ந்த பிறகுதான் முழுக்க இறுகும், அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: நறுக்கிய பேரிக்காய் கறுத்துப்போகிறது.
– வாசகி, போச்சம்பள்ளி

பதில்: வாணலி சூடான பிறகு நறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து அதில் போட்டு வைத்து, வதக்கும் முன் துடையுங்கள். வதங்கினால் நிறமாற்றம் அதோடு நின்றுவிடும்.

கேள்வி: 20 நிமிடம் ஆனபோது கரண்ட் போய்விட்டது. தூக்கிப் போட மனசில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: கதவைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் கரண்ட் வந்தால் ஓவன் திரும்பச் சூடாக 10 நிமிடம் விட்டு, அதற்குமேல் மீதி நேரத்தைக் கணக்கிடலாம். வரவில்லை என்றால் அடுப்புக்கு மாற்றுங்கள். அகலமான பாத்திரத்தில் துணி விரித்து, கஸ்டர்ட் பாத்திரத்தை வைத்து, பாதி உயரத்துக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, துணி கட்டிய மூடியால் மூடி, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். கண்ணாடிப் பாத்திரத்தைச் சுற்றிப் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே 30 நிமிடம் கடந்த பிறகு போனால் கவலையே இல்லை, ஓவனில் உள்ள சூட்டிலேயே பெரும்பாலும் இறுகிவிடும். ஆனால் வேகாத கலவை வெதுவெதுப்பாக 2 மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் கொட்டிவிடுங்கள். முட்டையும் பாலும் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கேள்வி: சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: 45 கிராம்வரை குறைக்கலாம், பழம் நன்கு பழுத்திருந்தால். சர்க்கரை குறைந்தால் முட்டை கொஞ்சம் சீக்கிரமே இறுகும். 5 நிமிடம் முன்பாகவே பார்க்கத் தொடங்குங்கள். நிறமும் குறைவாக வரும்.

கேள்வி: இதற்கு பிரெஞ்சுப் பெயர் க்ளஃபூட்டி என்கிறார்கள், சரியா?
– வாசகி, தருமபுரி

பதில்: மைதா சேர்த்த வகைக்குக் கிட்டத்தட்டச் சரி. க்ளஃபூட்டி பிரான்சின் லிமூசான் பகுதிப் பண்டம், கறுப்புச் செர்ரி போட்டால்தான் அந்தப் பெயர். பேரிக்காய், ஆப்பிள் என்று வேறு பழம் போட்டால் அங்கே ஃப்லோன்யார்ட் என்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை. பேரிக்காய்க்குப் பதில் மாம்பழம் போடலாமா? எந்த ரகம்? மீந்தால் எத்தனை நாள் வைக்கலாம்?
– வாசகி, சந்தூர்

பதில்: போடலாம், ரகம்தான் முக்கியம். பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழம் முக்கால் பழமாக இருக்கும்போது சதை கெட்டி. சதுரமாக வெட்டினால் சூட்டிலும் உருக்குலையாது. செந்தூராவும் மல்கோவாவும் சாறு அதிகம், தண்ணீர் விட்டுவிடும். வதக்க வேண்டாம், மாம்பழ மணம் போய்விடும். 300 கிராம் துண்டுகளை வடிதட்டில் 20 நிமிடம் வைத்து, துணியில் ஒற்றி, கஸ்டர்ட் 10 நிமிடம் வெந்து மேலே ஏடு கட்டிய பிறகு பரப்புங்கள். சர்க்கரை 55 கிராம் போதும். ஜூலையில் நீலமும் பெங்களூராவும் முடியும் சமயத்தில் மலைப் பேரிக்காயும் வந்திருக்கும். இரண்டையும் பாதிப் பாதி போட்டுப் பாருங்கள், மிகவும் நன்றாக இருக்கும். பப்பாளியும் அன்னாசியும் மட்டும் பச்சையாகப் போட வேண்டாம். அவற்றில் புரதத்தை அறுக்கும் நொதி இருப்பதால் கஸ்டர்ட் இறுகாமல் கசந்துபோகும். அன்னாசியை 10 நிமிடம் கொதிக்க வைத்தால் அந்த நொதி செயலிழக்கும்.

மீந்ததை ஆறியதும், 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூடி போட்டு. இரண்டு நாள்வரை நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் பழம் தண்ணீர் விடத் தொடங்கும். குளிரக் குளிரச் சாப்பிடுவதைவிட, அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் பேரிக்காயின் மணம் தெரியும். திரும்பச் சூடு செய்ய வேண்டாம்.